ஹோட்டல் மீல் பிளானா, சாப்பாட்டுத் தள்ளுபடி அட்டையா? சுற்றுலாவுக்கு முன் போட வேண்டிய கணக்கு

கொடைக்கானலிலோ மூணாறிலோ ரூம் தேடினால் ஒரே அறைக்கு மூன்று நான்கு விலை வந்து நிற்கும். வெறும் அறைக்கு ஒன்று, காலை டிபனோடு ஒன்று, டிபனும் இரவுச் சாப்பாடும் சேர்த்து ஒன்று, மூன்று வேளையும் சேர்த்து ஒன்று. "கூட 1,800 ரூபாய்தானே, ராத்திரி சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம்" என்று பெரும்பாலானோர் மூன்றாவதைத் தொட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் ஆப்களும் கிரெடிட் கார்டுகளும் ஹோட்டல் குழுமங்களின் உறுப்பினர் அட்டைகளும் 20 சதவீதம், 50 சதவீதம் என்று தள்ளுபடி காட்டிக் கூப்பிடுகின்றன.

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் ஹோட்டல் மெனு விலையை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பிளானும் மலிவாகத் தெரியும், தள்ளுபடியும் பெரிதாகத் தெரியும். எடுக்க வேண்டிய அளவுகோல் வேறு: எதுவும் முன்பணம் கட்டாமல் போயிருந்தால் அந்த வேளைக்கு எங்கே, எதைச் சாப்பிட்டிருப்பீர்கள், அதற்கு என்ன ஆகியிருக்கும்? கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான்.

நான்கு பிளான்கள்

புக்கிங்கில் சுருக்கெழுத்தாக வரும். ஈபி என்றால் அறை மட்டும். சிபி என்றால் அறையும் காலை உணவும். எம்ஏபி என்றால் அறை, காலை உணவு, கூடவே மதியம் அல்லது இரவில் ஒரு வேளை. நடைமுறையில் அது இரவுச் சாப்பாடுதான். ஏபி என்றால் மூன்று வேளையும். டிராவல் ஏஜென்ட் அனுப்பும் பட்டியலில் இவற்றின் பின்னால் 'ஏஐ' என்று ஒட்டியிருந்தால், அதாவது சிபிஏஐ, எம்ஏபிஏஐ என்று இருந்தால், வரி உட்பட என்று பொருள். வெளிநாட்டு ரிசார்ட்டுகளில் சொல்லும் 'ஆல் இன்க்ளூசிவ்' இது அல்ல. ஜூஸும் மதுவும் இதில் சேராது. குடிதண்ணீர் பாட்டில்கூடப் பல இடங்களில் தனி பில்தான்.

படி 1: இரவுகளை எண்ணுங்கள்

'2 இரவு, 3 பகல்' என்று போட்டிருந்தாலும் பிளான் ஓடுவது இரவுக் கணக்கில். 2 இரவு எம்ஏபி என்றால் 2 டிபன், 2 இரவுச் சாப்பாடு. போய்ச் சேரும் நாளின் காலை டிபனும் கிளம்பும் நாளின் மதியச் சாப்பாடும் அதில் வராது.

ஒரு தாளில் பயணத்தை வேளை வேளையாக எழுதுங்கள். முதல் நாள் மதியம், முதல் நாள் இரவு, இரண்டாம் நாள் காலை என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அந்த நேரத்தில் எங்கே இருப்பீர்கள் என்பதையும் குறியுங்கள். ஏபி பிளான் பெரும்பாலும் இந்த இடத்திலேயே அடிபட்டுவிடும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயில் ஊட்டியைத் தொடும்போது நண்பகல் ஆகிவிடும். ஹோட்டல் செக்-இன் பெரும்பாலும் 1 அல்லது 2 மணி. முதல் நாள் மதியச் சாப்பாடு கிடைத்துவிடும். இரண்டாம் நாள் மதியம் பைகாராவிலோ குன்னூரிலோ இருப்பீர்கள். சாப்பாட்டுக்காக மட்டும் யாரும் ஹோட்டலுக்குத் திரும்ப மாட்டார்கள். பணம் கட்டிய இரண்டு மதியச் சாப்பாட்டில் ஒன்றுதான் வயிற்றுக்குப் போகும். சில ஹோட்டல்கள் விட்டுப்போன வேளைக்குப் பதிலாகக் கட்டுச்சோறு தரும், அல்லது அதைக் கிளம்பும் நாளுக்கு மாற்றித் தரும். கேட்டால்தான் தருவார்கள், அதுவும் முதல் நாள் இரவே சொல்லி வைத்தால்.

காலை டிபனுக்கும் இதே சோதனை உண்டு. பஃபே 7.30-க்குத் திறந்தால், விடியற்காலை சஃபாரிக்குப் போகிறவர்களுக்கும் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் அது உதவாது. திரும்பி வருவதற்குள் 10 மணிக்கு மூடிவிடுவார்கள்.

படி 2: பிளானின் விலையை உரித்துப் பாருங்கள்

அதே ஹோட்டல், அதே அறை, அதே தேதி, அதே ரத்து விதி. இந்த நான்கும் ஒன்றாக இருக்கும் விலைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ரத்து விதி மாறினால் ஒப்பீடே கெட்டுவிடும், ஏனென்றால் பணம் திரும்பாத எம்ஏபி விலை, பணம் திரும்பும் சிபி விலையைவிடச் சில நேரம் குறைவாகத் தெரியும்.

சிபி விலையிலிருந்து ஈபி விலையைக் கழித்து இருவரால் வகுத்தால் ஒருவரின் டிபன் விலை. எம்ஏபியிலிருந்து சிபியைக் கழித்து வகுத்தால் ஒருவரின் இரவுச் சாப்பாட்டு விலை. ஒரு மாதிரிக் கணக்கு: ஈபி 4,200, சிபி 4,800, எம்ஏபி 6,600 என்றால் டிபன் ஒருவருக்கு 300, இரவுச் சாப்பாடு 900.

டிபன் விலை இப்படிக் குறைவாகவும் இரவுச் சாப்பாட்டு விலை அதிகமாகவும் இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். காலை டிபன் ஹோட்டலுக்கு விளம்பரம். 'டிபன் இலவசம்' என்று போட்டால் அறை விற்கும், பெரும்பாலானோர் அங்கேயே சாப்பிடுவார்கள் என்பதால் சமையலை அளந்து செய்யலாம். இரவுக்கு அந்த நிச்சயம் கிடையாது; பத்துப் பேருக்காகச் சமைத்தாலும் பஃபே மேசை முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். அந்தச் செலவு உங்கள் தலையில் வருகிறது.

படி 3: பிளான் இல்லையென்றால் என்ன செலவு?

மூன்று வழிகளுக்கும் தனித்தனியாக எண் எழுதுங்கள்.

முதலாவது, ஊருக்குள் போய்ச் சாப்பிடுவது. இங்கே பார்க்க வேண்டியது தோசை விலையைவிட தூரம். 'மூணாறு' என்று விற்கப்படும் பல ரிசார்ட்டுகள் பள்ளிவாசல், சித்திராபுரம், ஆனச்சால் பக்கம் இருக்கின்றன. ஆனச்சாலிலிருந்து மூணாறு டவுன் 10 கி.மீ.க்கு மேல், அதுவும் மலை வளைவில். கொடைக்கானலில் ஏழு ரோடு சந்திப்பைச் சுற்றி அறை எடுத்தால் நடந்தே போய்ச் சாப்பிடலாம். வட்டக்கானல், வில்பட்டி, பூம்பாறைப் பக்கம் என்றால் வண்டி வேண்டும், மாலை மூடுபனியில் ஓட்டத் தெரிந்த கையும் வேண்டும். ஆகவே சாப்பாட்டுச் செலவோடு போய்வர டாக்சியையும் காத்திருப்புக் கட்டணத்தையும் சேர்த்தே எழுதுங்கள். வரைபடத்தில் நேர்க்கோட்டு தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், சாலைவழி நேரத்தைப் பாருங்கள்.

இரண்டாவது, அதே ஹோட்டலில் மெனு பார்த்து ஆர்டர் செய்வது. மக்கள் மறந்தே போகும் வழி இது. எம்ஏபி எடுக்காவிட்டால் பட்டினி என்பதுபோல் நினைத்துக்கொள்கிறார்கள். ஹோட்டலுக்குப் போன் செய்து ரெஸ்டாரன்ட் மெனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். குளிரில் சாயங்காலம் ஆறு மணிக்கு பஜ்ஜி, சோளம், பிரெட் ஆம்லெட் என்று ஒரு சுற்று ஓடிவிடும். ஒன்பது மணிக்கு நான்கு சப்பாத்தி, ஒரு குருமா, ஒரு தயிர்சாதம் போதும் என்று முடிந்துவிடும். பஃபே விலை கட்டியவர்களும் இதையேதான் சாப்பிடுகிறார்கள்.

மூன்றாவது, பார்சல். வழியில் வாங்கி அறையில் சாப்பிடலாம், ஹோட்டல் அனுமதித்தால். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, தண்ணீர் பாட்டில் உட்பட. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வார்கள். எவர்சில்வர் அடுக்கு கையில் இருந்தால் பிரச்சினை இல்லை.

படி 4: ஜிஎஸ்டி எல்லைக்கோடு

22 செப்டம்பர் 2025 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%. அதைத் தாண்டினால் 18%. தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைத்துவிடாதீர்கள், முழுத் தொகைக்கும்.

சாப்பாட்டையும் அறையையும் ஒரே விலையாகப் பில் போடும்போது அந்த மொத்தத்தையும் அறை வாடகையாகவே எடுத்து வரி போடுவது வழக்கம். அறை 6,800, எம்ஏபி சேர்த்தால் 8,400 என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்துப் போட்டால் 18% வரி, 1,512 ரூபாய். அறையைத் தனியாகவும் 1,600 ரூபாய்ச் சாப்பாட்டைத் தனியாகவும் பில் போட்டால் அறைக்கு 340, சாப்பாட்டுக்கு 5% வீதம் 80, ஆக 420 ரூபாய். ஒரு இரவுக்கே 1,092 ரூபாய் வித்தியாசம். கூடுதல் படுக்கை, குழந்தைக்கான சாப்பாட்டுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தும் 7,500-ஐத் தாண்ட வைக்கும்.

சாப்பாட்டு பில்லிலும் இரண்டு விகிதம் உண்டு. தனி உணவகங்களில் 5%. சென்ற நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500-க்கு மேல் விற்ற ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டில் 18%. பெரிய ஹோட்டலில் 20% தள்ளுபடி வாங்கி, பக்கத்துச் சாலையோர உணவகத்தைவிட 13% கூடுதல் வரி கட்டுவது இப்படித்தான்.

படி 5: தள்ளுபடி அட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்

'தள்ளுபடி அட்டை' என்ற பெயரில் மூன்று வேறு பொருட்கள் ஓடுகின்றன.

ஸ்விக்கியின் டைன்அவுட், ஸொமாட்டோவின் டிஸ்ட்ரிக்ட், ஈஸிடைனர் போன்ற ஆப்கள் ஒரு வகை. மேசை பதிவு செய்து, சாப்பிட்டுவிட்டு, ஆப் வழியாகவே பணம் கட்டினால்தான் தள்ளுபடி. உணவகத்தின் சொந்த க்யூஆர் கோடில் பழக்கதோஷமாகக் கட்டிவிட்டால் தள்ளுபடி போனது போனதுதான். மலைப்பகுதியில் சிக்னல் இல்லாமல் ஆப் திறக்காததும் நடக்கும். இவை சென்னை, பெங்களூரு, கொச்சி, கோவா போன்ற இடங்களில் நன்றாக வேலை செய்கின்றன. மலைவாசத் தலங்களில் பட்டியலே மெலிந்திருக்கும். புக்கிங்குக்கு முன்பே ஆப்பில் ஊரை மாற்றிப்போட்டு, தங்கப்போகும் இடத்திலிருந்து 2 கி.மீ.க்குள் எத்தனை உணவகம் வருகிறது என்று பாருங்கள். மூன்றுக்குக் குறைவாக இருந்தால் இந்த வழியைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

பெரிய ஹோட்டல் குழுமங்கள் ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் உறுப்பினர் அட்டைகள் இரண்டாவது வகை. கிளப் மேரியட், தாஜ் எபிக்யூர் போன்றவை இந்த ரகம். சில அட்டைகளில் தள்ளுபடி ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து மாறும்: இருவருக்கு 50%, மூவருக்கு 33%, நால்வருக்கு 25%. கூர்ந்து பார்த்தால் எல்லாமே ஒரு தட்டு இலவசம்தான். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு அதே அட்டை 17 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். ஆகவே விளம்பரத்தில் இருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, உங்கள் வீட்டு ஆள் எண்ணிக்கைக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள்.

இந்த அட்டை கட்டுப்படியாகுமா என்பதற்கு எளிய வகுத்தல் போதும். கட்டணம் 2,500, உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி 20% என்றால், ஆண்டுக்கு 12,500 ரூபாய்க்குச் சாப்பிட்ட பிறகுதான் கட்டணம் திரும்பும். மூன்று நாள் சுற்றுலாவில் அது நடக்காது. சொந்த ஊரிலேயே அந்த ஹோட்டலுக்கு மாதம் ஒருமுறை போகிறவர்களுக்கு மட்டும் சரி. சுற்றுலாவுக்காகவே புதிதாக அட்டை வாங்குவது பெரும்பாலும் நஷ்டம்.

கிரெடிட் கார்டு சலுகை மூன்றாவது. இதில் உச்சவரம்பைத்தான் பார்க்க வேண்டும். '25% தள்ளுபடி, அதிகபட்சம் 200 ரூபாய்' என்றால் 3,000 ரூபாய் பில்லில் கிடைப்பது 7 சதவீதத்துக்கும் குறைவு. கார்டு கையில் ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூன்றுக்கும் பொதுவான விலக்குகள் சில உண்டு. பஃபே, செட் மெனு, மது, எம்ஆர்பி பொருட்கள், ரூம் சர்வீஸ் ஆகியவற்றுக்குப் பல இடங்களில் தள்ளுபடி செல்லாது. டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1, தீபாவளி போன்ற நாட்களில், அதாவது நீங்கள் சுற்றுலா போகும் அதே நாட்களில், அட்டை தூங்கும். பிளானில் அடங்கிய சாப்பாட்டின் மேல் அட்டையும் செல்லாது. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்று நினைத்து எம்ஏபி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

முழுக் கணக்கு ஒன்று

கொடைக்கானல், ஊரிலிருந்து 6 கி.மீ. தள்ளி ஒரு ரிசார்ட். அம்மா, அப்பா, 9 வயதுப் பிள்ளை. 2 இரவு. முன்பு சொன்ன அதே விலைகள். பிள்ளைக்கு டிபன் 150, இரவுச் சாப்பாடு 450. எல்லாம் மாதிரி எண்கள். உங்கள் எண்களை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

டிபன்: ஒரு நாளைக்கு 600 + 150 = 750. 5% வரியோடு 2 நாளைக்கு 1,575. ஊருக்குள் போய் இட்லி, பொங்கல், காபி என்றால் மூவருக்கும் ஒரு நாளைக்கு 400 ஆகலாம், 2 நாளைக்கு 800. வித்தியாசம் 775 ரூபாய். குளிரில் பிள்ளையைக் கிளப்பி 6 கி.மீ. போய்ச் சாப்பிடுவதைவிட, பஃபேயில் நிதானமாகச் சாப்பிட்டு அப்படியே ஊர் சுற்றக் கிளம்பலாம். இந்த 775-ஐக் கொடுக்கலாம் என்பது எங்கள் கணிப்பு.

இரவு: ஒரு நாளைக்கு 1,800 + 450 = 2,250. வரியோடு 2 இரவுக்கு 4,725. இதற்கு மாற்று வழிகள்:

- சொந்த காரில் ஊருக்குள் போய், வரி உட்பட 900 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 2 இரவுக்கு 1,800, கூடக் கொஞ்சம் பெட்ரோல்
- போய்வர டாக்சி 700 என்றால் 3,200
- ரிசார்ட்டிலேயே மெனு பார்த்து 1,500-க்குச் சாப்பிட்டால், 5% வரியோடு 3,150
- அதே பில்லுக்கு 20% தள்ளுபடி அட்டை செல்லுபடியானால் 2,520

நான்கிலும் எம்ஏபி தோற்கிறது. எழுந்து எங்கும் போகாமல் ரிசார்ட்டிலேயே மெனு பார்த்துச் சாப்பிட்டால்கூட 1,575 ரூபாய் மிச்சம். இங்கே சரியான முடிவு சிபி எடுத்து, இரவுக்கு மெனு பார்த்து ஆர்டர் செய்வது. தள்ளுபடி இருந்தால் அது மேற்கொண்டு 630 ரூபாய் குறைக்கும். முடிவையே மாற்றும் அளவு பெரியதல்ல அது.

எம்ஏபி எந்த விலைக்கு வந்தால் எடுக்கலாம்? மெனு பில் மதிப்பீட்டை எடுத்து, பெரியவர் ஒன்று, பிள்ளை அரை என்று எண்ணி வகுத்துவிடுங்கள். 1,500-ஐ 2½-ஆல் வகுத்தால் 600. பெரியவர் ஒருவருக்கு இரவுச் சாப்பாடு 600-க்குக் கீழே கிடைத்தால் எம்ஏபி, மேலே போனால் வேண்டாம். நன்றாகச் சாப்பிடும் இளவட்டங்கள் நான்கு பேர் போனால் மெனு பில் 1,500-இல் நிற்காது. அங்கே இதே வகுத்தல் பஃபேக்குச் சாதகமாகத் திரும்பும்.

இன்னொரு விஷயம்: புரட்டாசி. காலாண்டு விடுமுறையும் ஆயுத பூஜை விடுமுறையும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். எம்ஏபி விலையில் கோழியும் மீனும் அடக்கம்; சைவம் சாப்பிடுகிறவருக்கும் அதே விலை. சைவத்துக்குத் தனி விலை உண்டா என்று கேளுங்கள், சில இடங்களில் குறைக்கிறார்கள்.

ஆள் கணக்கு

5 வயது வரை இலவசம், 6 முதல் 11 வரை பாதி, 12-க்கு மேல் முழுக் கட்டணம் என்பது பரவலான ஏற்பாடு, ஆனால் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். தங்குவது இலவசம் என்றால் சாப்பாடும் இலவசம் என்று அர்த்தமில்லை. ஆன்லைனில் பிள்ளையின் வயதைப் போடாமல் புக் செய்தால் அங்கே போய்த் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயாளிகள் கூட வந்தால் பஃபே நேரத்தைப் பாருங்கள். இரவு 8 மணிக்குத்தான் திறப்பார்கள் என்றால் 7.30-க்குச் சாப்பிட வேண்டியவருக்கு அந்தப் பிளான் உதவாது. வாடகை வண்டி என்றால் டிரைவரின் சாப்பாடு பேட்டாவில் அடங்குமா, ஹோட்டலில் டிரைவர் தங்க இடமுண்டா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

எந்த இடத்தில் எது

மசினகுடி, பொக்காபுரம், பந்திப்பூர்க் காட்டோரம் தங்குகிறவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. இரவில் யானை நடமாடும் பாதை. பந்திப்பூர் வழியாக இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்கே தடை. எம்ஏபி எடுங்கள், சஃபாரி மதிய இடைவெளி விட்டு இருந்தால் ஏபியும் சரி. வால்பாறை எஸ்டேட் பங்களாக்களும் இதே கதைதான்.

ஆலப்புழை படகுவீட்டில் தேர்வே கிடையாது. மதியம் ஏறினால் மதியச் சாப்பாடு, மாலை டீ, இரவுச் சாப்பாடு, மறுநாள் டிபன் எல்லாம் வாடகையில் அடக்கம். மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கட்டிவிடுவார்கள், மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால். கரிமீன், இறால் வேண்டுமென்றால் வழியில் கரையோரக் கடையில் வாங்கிக் கொடுத்துப் பொரிக்கச் சொல்லலாம். எடையையும் விலையையும் முதலிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கோவா, கொச்சி, புதுச்சேரி போன்ற இடங்களில் ஈபி அல்லது சிபி போதும். வெளியே சாப்பிடுவதே பாதிப் பயணம். ஆப் தள்ளுபடி உண்மையிலேயே பணம் மிச்சம் செய்யும் இடங்கள் இவை.

மாலத்தீவு ரிசார்ட் தீவுகளில் வேறு கடையே இல்லை. அங்கே விலைக்குப் பின்னால் '++' போட்டிருந்தால் 10% சேவைக் கட்டணமும், அதன் மேல் ஜூலை 2025 முதல் 17% சுற்றுலா ஜிஎஸ்டியும் ஏறும். 100 டாலர் என்று காட்டுவது 128.70 ஆகும். மூன்று வேளையும் சேர்த்த பிளான் இல்லாமல் அங்கே போவது விஷப்பரீட்சை. சாப்பாட்டோடு குடிநீரும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். துபாயில் நிலைமை தலைகீழ்: 'என்டர்டெயினர்' ஆப்பின் 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' வவுச்சர்கள் அங்கே பிறந்தவை. இரண்டில் விலை குறைந்ததுதான் இலவசம், ஆகவே இருவரும் ஏறத்தாழ ஒரே விலையில் ஆர்டர் செய்தால்தான் முழுப் பலன்.

அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குப் போய் ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: அங்கே முன்பு இரண்டுமே இருந்தன. கட்டணம் கட்டி வாங்கும் சாப்பாட்டுத் தள்ளுபடி அட்டையான 'டேபிள்ஸ் இன் வொண்டர்லேண்ட்' இப்போது இல்லை. 2020-இல் நின்ற டைனிங் பிளான் 9 ஜனவரி 2024-இல் திரும்ப வந்தது. அறையில் 3 வயது நிரம்பிய எல்லோரும் ஒரே பிளானை வாங்க வேண்டும். 10 வயதானால் பெரியவர் கட்டணம். பிளானில் பணம் கட்டியும் சாப்பிடாமல் மீதியாகும் வரவுகள் அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு காலாவதி. பரிமாறுபவருக்கான டிப்ஸ் பொதுவாகப் பிளானில் சேராது, அது 15 முதல் 20 சதவீதம் தனி. அளவாகச் சாப்பிடும் தாத்தா பாட்டி கூட இருந்தால் பிளான் கட்டுப்படியாவது கடினம்.

படி 6: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

போனில் கேட்டாலும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஹோட்டலுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்:

"வணக்கம். இந்தத் தேதிகளில் 2 பெரியவர், 9 வயதுக் குழந்தை ஒன்று. சிபி, எம்ஏபி இரண்டுக்கும் வரி உட்பட மொத்தம் எவ்வளவு? அறைக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனி பில் தர முடியுமா? இரவுச் சாப்பாடு பஃபேயா, செட் மெனுவா? அறைகள் குறைவாக நிரம்பினால் என்ன தருவீர்கள்? பஃபே நேரம் என்ன? தாமதமாக வந்தால் எடுத்து வைப்பீர்களா? சாப்பிடாத வேளைக்குப் பதிலாகக் கட்டுச்சோறு கிடைக்குமா? ரெஸ்டாரன்ட் மெனுவை விலையோடு அனுப்புங்கள்."

அறைகள் குறைவாக நிரம்புவது பற்றிய கேள்வியைத் தவறவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மழையில், வார நாட்களில் ஐந்தாறு அறைதான் நிரம்பியிருக்கும். அப்போது பஃபே ரத்தாகி ஒரு சூப், இரண்டு கறி, சாதம், சப்பாத்தி என்று செட் மெனுவாகிவிடும். விலை மட்டும் குறையாது. அந்த மாதங்களில் எம்ஏபியைத் தவிர்ப்பதே நல்லது.

டிசம்பர் 24, 31 இரவுகளில் தங்கினால் 'காலா டின்னர்' எனப்படும் பண்டிகை இரவு விருந்துக்கான கட்டாயக் கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள். ஈபி எடுத்தவரிடமும் வாங்குவார்கள். எம்ஏபி எடுத்திருந்தால் அன்றைய இரவுச் சாப்பாட்டுத் தொகையை அதில் கழிப்பார்களா என்று கேட்க வேண்டும். கழிக்காத இடங்களில் ஒரே இரவுக்கு இரண்டு சாப்பாட்டுப் பணம் கட்டுவீர்கள்.

அங்கே போன பிறகு

செக்-இன் செய்யும்போதே வவுச்சரைக் காட்டி, பதிவில் பிளான் என்னவென்று ஏறியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஏஜென்ட் எம்ஏபிக்குப் பணம் வாங்கி, ஹோட்டலில் சிபி என்று பதிவாகியிருப்பது அரிதல்ல. முதல் வேளைக்கு முன்பு கண்டுபிடித்தால் ஒரு போனில் சரியாகும். கிளம்பும்போது தெரிந்தால் பணம் கட்டிவிட்டு ஏஜென்ட்டைத் துரத்த வேண்டும்.

பஃபேயில் உட்கார்ந்தபின் மேசைக்கு வரும் தண்ணீர் பாட்டில், ஜூஸ், தனியாகக் கேட்ட ஆம்லெட், ஐஸ்கிரீம் இவை பிளானில் உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வெளியே சாப்பிட முடிவு செய்த இரவு, எம்ஏபி பணம் திரும்ப வராது. ஆனால் மதியமே சொன்னால் சிலர் அதை அடுத்த நாள் மதியத்துக்கு மாற்றித் தருவார்கள்.

பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று 5 அல்லது 10 சதவீதம் தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 4 ஜூலை 2022-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி அதைக் கட்டாயமாக்க முடியாது. டெல்லி உயர் நீதிமன்றம் 28 மார்ச் 2025-இல் அந்த நெறிமுறையை உறுதி செய்தது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஜிஎஸ்டி வேறு, இது வேறு. ஜிஎஸ்டியை நீக்கச் சொல்ல முடியாது.

தள்ளுபடி ஆப்பில் பணம் கட்டும்முன், பில்லில் உள்ள தொகையும் ஆப்பில் நீங்கள் போடும் தொகையும் ஒன்றா என்று பாருங்கள். உணவகமே ஏற்கெனவே தள்ளுபடி கழித்திருந்தால் ஆப் சலுகை செல்லாது என்று பின்னால் தகராறு வரும். கன்வீனியன்ஸ் கட்டணம் என்று ஆப் தன் பங்குக்கு ஏற்றுவதையும் கழித்துப் பாருங்கள். 400 ரூபாய் பில்லுக்கு 10% தள்ளுபடி வாங்கினால் அந்த 40-இல் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அப்படிப்பட்ட பில்லுக்கு நேரடியாகக் கட்டிவிட்டு எழுந்துவிடலாம்.